கிலோவுக்கு 70 லிட்டர் தண்ணீர், கட்டுப்படியாகவில்லை: மெஷினை மாற்றுவதா, சுத்திகரிப்பை மாற்றுவதா?

மூணு மெஷின்:

வணக்கம்ங்க. திருப்பூர் பக்கம் சின்ன சாயப்பட்டறை நடத்துகிறேன். 250 கிலோ சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின் இரண்டு, 100 கிலோ ஒன்று, அவ்வளவுதான். முழுக்க ஜாப் ஒர்க், காட்டன் பனியன் துணி, பெரும்பாலும் டார்க் ஷேடு. கறுப்பு, நேவி, மெரூன். கழிவுநீர் பைப் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, நானும் அதில் ஒரு மெம்பர்.

பிரச்சினை பில்தான். சுத்திகரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, சாயக்கூலி மட்டும் பார்ட்டிகள் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். போன மாதம் தண்ணீர் மீட்டரையும் துணி எடையையும் வைத்துக் கணக்குப் போட்டதில் கிலோவுக்கு 70 லிட்டர் வந்தது. மாஸ்டரிடம் கேட்டால் "எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்கிறார். மச்சான், சொந்தமாக ஒரு எவாப்பரேட்டர் (கழிவுநீரைக் காய்ச்சி ஆவியாக்கும் மெஷின்) போட்டுவிட்டு நிலையத்தை விட்டு வெளியே வா என்கிறார். போன வாரம் ஒரு மெஷின் கம்பெனி ஆள் வந்து, தண்ணீரே இல்லாமல் சாயம் போடும் டெக்னாலஜி வந்துவிட்டது என்று டேப்பில் வீடியோ காட்டிவிட்டுப் போனார்.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக டார்க் ஷேடு எல்லாம் லைட்டாக விழுகிறது. மூன்று லாட்டுக்கு ஒன்று டாப்பிங், அதாவது மேலே மறுபடி சாயம் ஏற்றப் போகிறது, போன வாரம் ஒரு நேவி லாட்டில் சாயத்தை முழுசாக உரித்துத் திரும்பப் போட்டோம். நிலையத்தில் இருந்து திரும்பி வரும் உப்பைத்தான் இப்போது போடுகிறோம். மாஸ்டர் தண்ணீரைக் குறை சொல்கிறார், நான் உப்பைச் சந்தேகப்படுகிறேன்.

எதில் கை வைப்பது? கடன் வாங்கித்தான் எதையும் செய்ய வேண்டும், அதனால் யோசித்துச் சொல்லுங்கள்.

ஷேடு கார்டு:

தம்பி, 22 வருஷமாக டையிங் மாஸ்டர் வேலை பார்க்கிறேன், அதனால் உங்கள் மாஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் 70 லிட்டர் எல்லா இடத்திலும் கிடையாது.

முதலில் அந்த வீடியோ. தண்ணீர் இல்லாமல் கார்பன் டை ஆக்சைடை அழுத்தி அதில் சாயம் போடுவது உண்மைதான், ஆனால் அது ஓடுவது பாலியெஸ்டரில். நம் பனியன் காட்டன். அதற்கு ரியாக்டிவ் சாயம், ரியாக்டிவ் சாயத்தைத் துணிக்குத் தள்ள உப்பு. வந்த ஆளிடம் "காட்டனில் ஒரு கறுப்பு லாட் போட்டுக் காட்டு" என்று கேளுங்கள், அடுத்த வாரம் வர மாட்டார்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு டார்க் லாட்டுக்கு எத்தனை முறை தண்ணீர் பிடித்து இறக்குகிறீர்கள்? பிளீச், அதற்கு ஒரு ஹாட் வாஷ், கோல்ட் வாஷ், ஆசிட், சாயம், அப்புறம் ரின்ஸ், ஆசிட், சோப்பிங் இரண்டு, மறுபடி ஹாட் வாஷ், கடைசியில் சாஃப்ட்னர். பத்துக்கு மேல் வரும். 1:7 மெஷின் என்றால் முதல் தடவை கிலோவுக்கு 7 லிட்டர், அடுத்தடுத்த தடவை துணியே இரண்டரை மூன்று லிட்டரைப் பிடித்து வைத்திருப்பதால் நாலு நாலரை லிட்டர்தான் புதிதாகப் பிடிக்கும். கூட்டிப் பாருங்கள், 50 லிட்டர் பக்கம்தான் வர வேண்டும். மீதி 20 எங்கே போகிறது என்றால், ஓவர்ஃப்ளோ வாஷ். வால்வைத் திறந்துவிட்டு ஆபரேட்டர் டீக்கடைக்குப் போவார், அவர் வரும்வரை தண்ணீர் மேலே வந்து கீழே போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டு, பிடி, ஓட்டு, முழுசாக இறக்கு, திரும்பப் பிடி என்று மாற்றினாலே பில்லில் தெரியும், ஒரு பைசா கடன் வேண்டாம். பிளீச்சுக்கு அப்புறம் பெராக்சைடைக் கொல்லுகிற என்சைம் போட்டால் நடுவில் இரண்டு வாஷ் மிச்சம், அதே தண்ணீரிலேயே சாயத்துக்குப் போகலாம்.

ஆனால் தண்ணீரை விட உப்பைப் பாருங்கள். கறுப்புக்கு லிட்டருக்கு 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 250 கிலோ மெஷினில் 250 கிலோ துணி ஏற்றினால் 1750 லிட்டர், 140 கிலோ உப்பு. கிலோ துணிக்கு 560 கிராம். இப்போது ஜாப் ஒர்க்கில் என்ன நடக்கிறது? பார்ட்டி 150 கிலோ கொண்டு வருவார். பெரிய மெஷின்தான் காலி. ஆபரேட்டர் பழக்கத்தில் அதே 1750 லிட்டர் மார்க் வரைக்கும் தண்ணீர் பிடிப்பார், மாஸ்டர் லிட்டர் கணக்கில் அதே 140 கிலோ உப்பைக் கொட்டச் சொல்வார். இப்போது கிலோ துணிக்கு 930 கிராமுக்கு மேல். வாங்கியது 1:7 மெஷின், ஓட்டுவது 1:12இல். இதை நான் நாலு பட்டறையில் பார்த்துவிட்டேன், ஒரு இடத்தில் நானே செய்தவனும்கூட.

அப்புறம் டாப்பிங்கும் உரித்துப் போடுவதும். உரித்துத் திரும்பப் போட்ட அந்த நேவி லாட், உப்பு, தண்ணீர், ஸ்டீம் எல்லாம் இரண்டு மடங்கு, அதோடு உரிப்பதற்குப் போட்ட காஸ்டிக்கும் ஹைட்ரோவும் சேர்த்து நிலையத்துக்குப் போயிருக்கும். ஷேடு முதல் தடவையே விழுந்தால் அதைவிடப் பெரிய சுத்திகரிப்பு எதுவும் கிடையாது.

உப்புச் சந்தேகத்துக்கு ஒரு கேள்வி. திரும்பி வருகிற உப்பு பவுடரா, கல்கண்டு மாதிரிப் படிகமா?

ரிஜெக்ட் டேங்க்:

நான் இந்தப் பட்டறைகளின் மறுமுனையில் இருப்பவன். ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டராகச் சேர்ந்து இப்போது பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள்.

மச்சான் சொன்ன சொந்த எவாப்பரேட்டர் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காரணம் சொல்கிறேன். உங்கள் தண்ணீர் எங்களிடம் வந்ததும் சமன் செய்யும் தொட்டி, பாக்டீரியா தொட்டி, ஃபில்டர், கலர் எடுக்கும் ரெசின், அப்புறம் பல கட்ட ஆர்.ஓ. நூறு லிட்டரில் 85, 90 லிட்டர் நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். இதுவரை பெரிய செலவு இல்லை. மிச்சம் இருக்கும் அந்த 10, 15 லிட்டர் ரிஜெக்ட்தான் எங்கள் பணத்தையெல்லாம் தின்கிறது. அதில் மொத்த உப்பும் உட்கார்ந்திருக்கும், அதைக் காய்ச்சித்தான் ஆக வேண்டும். நாலு கட்ட எவாப்பரேட்டரில்கூட ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 250, 300 கிலோ ஸ்டீம் வேண்டும். ஸ்டீம் என்றால் விறகு. டியூப்பில் உப்புப் படிந்தால் நிறுத்தி ஆசிட் போட்டுக் கழுவ வேண்டும், இரவு பகல் ஆள் வேண்டும். மூன்று மெஷின் பட்டறை அதைத் தாங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எல்லோரும் கலரையே பார்க்கிறார்கள். வாய்க்காலில் சிவப்பாகத் தண்ணீர் போனால் போட்டோ எடுத்துப் போடுவார்கள். கலரை எடுப்பது ஒப்பிட்டால் சுலபம். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் தண்ணீரில் உப்பு இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. வெளியே விடலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருந்த வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு. உங்கள் கறுப்பு பாத்தில் (சாயம் கரைத்த தண்ணீரில்) லிட்டருக்கு 80 கிராம், அதாவது 80,000. அந்த ஒரு லிட்டரை 2100க்குக் கொண்டுவர உப்பே இல்லாத தண்ணீர் கிட்டத்தட்ட 40 லிட்டர் ஊற்ற வேண்டும். பாக்டீரியா உப்பைச் சாப்பிடாது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டால் கலர் அடியில் உட்காரும், ஸ்லட்ஜ் மலை மாதிரிச் சேரும், உப்பு அப்படியே போகும். அந்த ஸ்லட்ஜும் அபாயகரமான கழிவுக் கணக்கில் வரும், 2016 விதிப்படி 90 நாளுக்கு மேல் நம்மிடம் வைத்திருக்கக் கூடாது. இப்போது அதைச் சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்புகிறோம். பாக்டீரியா முறைக்கு மாறிய பிறகு ஸ்லட்ஜ் ரொம்பவே குறைந்துவிட்டது, அது ஒரு நிம்மதி.

ஆனால் மிக்ஸட் சால்ட் நிம்மதி தராது. ரிஜெக்டைச் சுண்டக் காய்ச்சி, சில்லரில் 5 டிகிரி பக்கம் குளிர வைத்தால் கிளாபர் சால்ட், அதாவது சோடியம் சல்ஃபேட், படிகமாக இறங்கும், அதைப் பிரித்து உங்களுக்குத் திருப்பித் தருகிறோம். சாதா உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, இறங்காது, அடித் தண்ணீரிலேயே நிற்கும். அதையும் காய்ச்சினால் இரண்டும் கலந்து, கொஞ்சம் கலரும் சேர்ந்து, பழுப்பாக ஒன்று வரும். யாரும் வாங்க மாட்டார்கள். ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறோம், ஐப்பசி மழையில் ஈரம் இழுத்துக் கசியும், அதைத் தார்ப்பாய் போட்டு மூடுவதே ஒரு வேலை. இதற்குப் பாதிக் காரணம் மெம்பர்கள்தான். எல்லோரும் கிளாபர் மட்டும் போடுவது என்று மீட்டிங்கில் கையெழுத்துப் போடுவார்கள், வெளியே போனதும் விலை குறைவு என்று நாலு பேர் சாதா உப்பு வாங்குவார்கள். குளோரைடு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும், எந்த பைப்பில் இருந்து என்றுகூடத் தெரியும், ஆனால் சொந்தக்காரனைச் சொந்தக்காரன் எப்படிக் கேட்பது?

உங்களால் ஒன்று முடியும் என்றால், டை பாத் தண்ணீரைத் தனியாக ஒரு தொட்டியில் இறக்குங்கள். பத்து இறக்கத்தில் ஒன்றுதான் அது, ஆனால் உப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அது வாஷ் தண்ணீரோடு கலக்காமல் வந்தால் கலரையும் கடினத்தன்மையையும் மட்டும் எடுத்துவிட்டு உப்புக் கரைசலாகவே திருப்பித் தர வழி இருக்கிறது. 2011க்கு அப்புறம் அருள்புரம் நிலையத்தில் அப்படித்தான் கரைசலையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். காய்ச்ச வேண்டிய தண்ணீர் அந்த அளவுக்குக் குறையும்.

மடைவாய்:

நான் சாயக்காரன் இல்லை. நொய்யல் ஆற்றில் கீழே, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ்ப்பக்கம் தோட்டம். கூகுளில் வேறு எதையோ தேடி இங்கே வந்தேன், படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

அந்த அணை 1992இல் எங்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டியது. கொஞ்ச வருஷத்திலேயே மேலே இருந்து வந்த சாயத்தண்ணீர் தேங்குகிற குட்டையாகிவிட்டது. தண்ணீர் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்ட ஒரே அணை அதுவாகத்தான் இருக்கும். எங்கள் கிணற்றில் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், மேலே சொன்ன அண்ணன் எழுதியிருப்பது அப்படியே சரி. இளநீரை வெட்டி வாயில் வைத்தால் கரிக்கும். அப்பா அதைச் சந்தைக்குக் கொண்டு போகவே கூச்சப்பட்டார். மஞ்சள் போட்டோம், இலை ஓரம் கருகி நின்றது. அப்புறம் மண் இறுகிப்போனது, மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். சோடியம் களிமண்ணை அப்படி ஆக்கிவிடும், ஜிப்சம் போட்டுத்தான் சரிபண்ண வேண்டும் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். ஜிப்சம் போட்டாலும் அலசி விடுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமே.

ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போய், 2006இல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியும் நடக்காமல், 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கரண்டைப் பிடுங்கினார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தவர்களும் உண்டு, திருப்பூரில் வேலை போய் ஊர் திரும்பியவர்களும் அதே தெருவில் உண்டு. என் சித்தி மகன் இரண்டாவது வகை. அவனுக்கு முன்னால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

இப்போது முன்னைக்குத் தேவலாம், மறுக்கவில்லை. ஆனால் பெரிய மழை பெய்த மறுநாள் ஆற்றில் நுரை வந்தால் எங்களுக்குத் தெரியும்ங்க, யாரோ மழையைச் சாக்கு வைத்துத் தொட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று. பில் ஏறுகிறது என்று கேட்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். அந்தப் பில்லை இருபது வருஷம் நாங்கள் கட்டினோம்.

மூணு மெஷின்:

மடைவாய் அண்ணா, படித்தேன். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் பட்டறை ஆரம்பித்தது 2014இல், ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

ஷேடு கார்டு அண்ணா, உப்பு படிகம்தான். கண்ணாடித் துண்டு மாதிரி, மூட்டைக்குள் கை விட்டால் ஈரமாக ஜில்லென்று இருக்கும். ரெசிபி பழைய ரெசிபியேதான், முன்பு கடையில் வாங்கிய பவுடருக்குப் போட்டது.

ரிஜெக்ட் டேங்க் அண்ணா, தனித் தொட்டிக்கு இடம் இருக்கிறது. ஆனால் நிலையத்துக்கு வரும் பைப் ஒன்றுதானே, நான் மட்டும் பிரித்து என்ன பண்ண?

ஷேடு கார்டு:

பிடித்துவிட்டோம் தம்பி. பவுடராக வருவது தண்ணீர் இல்லாத சோடியம் சல்ஃபேட். படிகமாக வருவது ஒரு மூலக்கூறு உப்புக்குப் பத்து மூலக்கூறு தண்ணீரைக் கட்டிக்கொண்டிருக்கும் கிளாபர். நூறு கிலோ படிகத்தில் 44 கிலோதான் உப்பு, மீதி 56 கிலோ தண்ணீர். நீங்கள் 140 கிலோ உப்புப் போட்டதாக நினைத்துக்கொண்டு 62 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள். ஷேடு எப்படி விழும்? ஒட்டாத சாயம் அத்தனையும் வடிகாலுக்குப் போயிருக்கும், அப்புறம் டாப்பிங், அப்புறம் உரித்தல். படிகமாகப் போட்டால் 2.27ஆல் பெருக்கிப் போட வேண்டும், அதில் வரும் தண்ணீரையும் பாத் அளவில் கழித்துக்கொள்ள வேண்டும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். 100 கிராமை ஒரு இரும்புக் கடாயில் போட்டு மெதுவாகச் சூடு காட்டுங்கள். 32 டிகிரியிலேயே தன் தண்ணீரிலேயே கரைய ஆரம்பிக்கும். முழுக்க வற்ற வைத்து எடை போடுங்கள்.

கரைசலாகத் திருப்பித் தரும் காலம் வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் பைகார்பனேட் மிச்சம் இருந்தால் சூடேறும்போது பி.எச். தானாக ஏறும், சாயத்தை ஒட்ட வைக்கும் காரமான சோடாவைப் போடுவதற்கு முன்பே சாயம் பிடிக்க ஆரம்பித்துத் திட்டுத் திட்டாக விழும். ஆசிட் போட்டு 6, 6.5க்கு இறக்கிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். கடினத்தன்மையும் பார்க்க வேண்டும், கால்சியம் இருந்தால் சாயம் திரிந்துவிடும்.

கெமிக்கல் கடை:

உப்புக் குறைவாகக் கேட்கும் சாயங்கள் இருக்கின்றனவே, அதை யாரும் சொல்லவில்லையே? ஒட்டும் சதவீதமும் அதிகம். அப்புறம் கோல்ட் பேட் பேட்ச் முறையில் உப்பே வேண்டாம்.

ஷேடு கார்டு:

சாயம் விற்பவர் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறார். கிலோ விலை அதிகம், ஆனால் உப்பையும் சோப்பிங்கையும் சுத்திகரிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் டார்க் ஷேடில் பெரும்பாலும் அதுதான் மலிவு. கிலோ விலையை மட்டும் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறோம்.

கோல்ட் பேட் பேட்ச் வேறு கதை. சாயத்தையும் காரத்தையும் சேர்த்துத் துணியில் ஏற்றிப் பிழிந்து, ரோலாகச் சுற்றி, பாலிதீன் மூடி 12 மணி, 24 மணி என்று சுழல விடுவது. தண்ணீர் கொஞ்சம் என்பதால் சாயத்தைத் துணிக்குத் தள்ள உப்புத் தேவையில்லை. நெய்த துணிக்கு அருமை. பின்னல் துணி இழுபடும், ஓரம் சுருளும், அதற்கென்று மெஷின் உண்டு, விலையும் உண்டு. 150 கிலோ ஜாப் ஒர்க் லாட்டுக்கு ஒவ்வொரு ஷேடுக்கும் தொட்டி கழுவியே பொழுது போய்விடும்.

ரிஜெக்ட் டேங்க்:

தனி பைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் மட்டும் பிரித்தால் பிரயோஜனம் இல்லை, உண்மைதான். உங்கள் தெருவில் ஏழெட்டுப் பட்டறை இருக்குமே, எல்லோரும் சேர்ந்து கேட்டால் இரண்டாவது லைன் இழுப்பதைப் பற்றி நிலையம் பேசும். அதற்கு முன்னால் எல்லோரும் கிளாபர் மட்டுமே போட வேண்டும். அதைப் பேசுவதுதான் லைன் இழுப்பதைவிடக் கஷ்டம்.

அப்புறம் எங்கள் பக்கம் ஒரு தப்பு ஒப்புக்கொள்கிறேன். உப்பு மூட்டையில் "படிகம், தண்ணீர் சேர்ந்தது" என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. எங்கள் பிளான்ட்டில் நாளையில் இருந்து ஒட்டச் சொல்லிவிட்டேன்.

மூணு மெஷின்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கடாயில் 100 கிராம் போட்டேன். முதலில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரிக் கொதித்தது, அப்புறம் அடியில் வெள்ளையாகப் பொரிந்து நின்றது. தராசில் 46 கிராம். மாஸ்டர் இரண்டு முறை எடை போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ரெசிபி நோட்டை எடுத்துத் திருத்தினார்.

அதற்கப்புறம் ஓடிய ஏழு டார்க் லாட்டில் டாப்பிங் போனது ஒன்றுதான். மெஷின் கண்ணாடியில் 150 கிலோ, 200 கிலோ, 250 கிலோ என்று மூன்று இடத்தில் பெயின்ட்டில் கோடு போட்டிருக்கிறோம். 150 கிலோவுக்கு மெஷின் எவ்வளவு குறைவான தண்ணீரில் ஓடும் என்று பார்த்ததில் 1200 லிட்டருக்குக் கீழே போனால் பம்ப் காற்று இழுக்கிறது, அதனால் 1:8. ஓவர்ஃப்ளோ வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவி என்னிடம். ஆபரேட்டர் முறைக்கிறார். மீட்டர் இப்போது 52 காட்டுகிறது. தெருக்காரர்களிடம் கிளாபர் விஷயம் பேசினேன், மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் போன் எடுக்கவில்லை, மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள்.

மச்சானிடம் எவாப்பரேட்டர் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை.

ஷேடு கார்டு:

52 நல்ல நம்பர். சோப்பிங் தண்ணீரைச் சூடாகவே இறக்குங்கள், ஒரு வாஷ் இன்னும் குறையும். அந்தக் கடாய் வீட்டுக் கடாயா? அப்படியென்றால் அதைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டு போகாதீர்கள், மச்சானைவிட அங்கேதான் பெரிய சண்டை வரும்.